எஸ்ஸனில் எண்ணிய இருபத்திரண்டு படகுகள்

எஸ்ஸன் நகரில் அக்டோபர் மாதம் நடக்கும் போர்டு கேம் கண்காட்சிக்கு எப்படிப் போவது, எவ்வளவு செலவாகும், ஒரே நாளில் பார்த்துவிட முடியுமா என்று மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். இந்த வலைப்பதிவுக்கு மூன்று பேர் என்பது பெருங்கூட்டம். இந்த அக்டோபரில் ஒரு சனிக்கிழமை போய் வந்தேன். வந்து மூன்று வாரம் ஆகிறது. எழுதாமல் இழுத்தடித்ததற்குக் காரணம் சோம்பல் இல்லை, பொறாமை. அதையும் சேர்த்துத்தான் எழுதப்போகிறேன். ரயில் நேரமும் செலவும் மட்டும் போதும் என்பவர்கள் நடுவில் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வந்திருப்பவர்களுக்காக: நான் டார்ம்ஸ்டாட்டில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். ஆறு வருடமாக இங்கே போர்டு கேம்களைப் பற்றித் தமிழில் எழுதிவருகிறேன். எண்பத்து நாலு பதிவுகள். ஒவ்வொரு விளையாட்டையும் குறைந்தது நாலு முறை ஆடிப் பார்க்காமல் ஒரு வரி எழுதியதில்லை. பதிவுக்கு இரண்டு பின்னூட்டம் வரும், அதில் ஒன்று கடன் வேண்டுமா என்று கேட்கும்.

என்னோடு வந்தவன் ரெஜி. மன்னாரிலிருந்து ஏழு வயதில் பெற்றோரோடு இங்கே வந்தவன், இப்போது பான் நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. மூன்று வருடத்துக்கு முன்பு, பான் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு தோழியின் வீட்டில், அவனுக்கு வாழ்க்கையின் முதல் போர்டு கேமைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். "உதுக்குக் காசு வைக்கிறேல்லையோ அக்கா?" என்று கேட்டான். படுதோல்வி அடைந்து, விழுந்து விழுந்து சிரித்தான். ஒரு வருடம் கழித்து யூடியூபில் தமிழில் கேம் விமர்சனம் செய்ய ஆரம்பித்தான். இன்று அவனுக்குப் பதினோராயிரம் பேர். விதிகளைப் பாதி தப்பாகச் சொல்கிறான். யாருக்கும் கவலையில்லை. அவன் சிரித்தால் போதும், பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். நான் அவனுடைய வீடியோக்களை இரண்டு நிமிடத்துக்கு மேல் பார்த்ததில்லை. அதற்குமேல் வயிறு எரிகிறது.

இந்தப் பயணத்துக்கு எனக்கு ஒரு ரகசியக் காரணம் இருந்தது. ஜெர்மனியில் மட்டும் வெளியான ஒரு பழைய கேம், பெயரைத் தமிழில் சொன்னால் "உப்புப் பாதை". நதியில் படகு விட்டு உப்பு விற்க வேண்டும், வழியில் கள்ளக்கடத்தல் படகுகள் மறிக்கும். அதன் முதல் பதிப்பு அச்சில் இல்லை. பிற்பாடு வந்த பதிப்பில் மரப்படகுக்குப் பதில் பிளாஸ்டிக் போட்டுக் கெடுத்துவிட்டார்கள். என்னுடன் வேலை செய்த ஜெர்மன்காரர் ஒருவரிடம் முதல் பதிப்பு இருந்தது. அவர் வீட்டில் ஒரு குளிர்காலம் முழுக்க ஆடி, இங்கே விமர்சனமும் எழுதினேன். பிறகு அவர் ஹாம்பர்க் போய்விட்டார், கேமும் போய்விட்டது. நாலு வருடமாக அதைத் தேடுகிறேன். ஆனால் யாரிடமும் சொன்னதில்லை, இந்தப் பதிவுகளில்கூட. சேகரிக்கிறவர்கள் அப்படித்தான். எதைத் தேடுகிறோம் என்று வாயைத் திறந்தால் அடுத்த வாரமே இன்னும் பத்துப் பேர் தேடுவார்கள்.

இந்தக் கண்காட்சியில் கடைகளைத் தாண்டி ஒரு நல்ல பழக்கம் உண்டு, மாற்றுச் சந்தை. ஆர்வலர்கள் தாங்களாகவே நடத்துவது. கண்காட்சிக்குச் சில வாரம் முன்பே, நீங்கள் கொடுக்கத் தயாராக இருக்கும் கேமையும் அதற்குப் பதிலாக எதையெல்லாம் ஏற்பீர்கள் என்பதையும் இணையத்தில் பதிய வேண்டும். எல்லாருடைய பட்டியலையும் ஒரு கணினி நிரல் கோத்துவிடும். நான் உங்களுக்கு, நீங்கள் இன்னொருவருக்கு, அவர் எனக்கு என்று வட்டமாகப் போகும். பதிந்தவர்களின் பெயர் வெளியே தெரியாது, எண் மட்டும்தான். குறித்த நேரத்தில் அரங்கின் ஒரு மூலையில் எல்லாரும் எண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு கூடி, பெட்டிகளைக் கைமாற்றுவார்கள். பணப் பேச்சே கிடையாது.

இந்த முறை பட்டியலில் "உப்புப் பாதை, முதல் பதிப்பு" இருந்தது. என்னிடம் இருந்ததில் நல்ல மூன்று கேம்களைப் பதிலுக்கு வைத்தேன். புதன்கிழமை முடிவு வந்தது. என்னுடைய மூன்றையும் யாரும் எடுக்கவில்லை. உப்புப் பாதை யாரோ 117ஆம் எண்காரருக்குப் போயிருந்தது. ஆனாலும் மூன்று கேம்களையும் பையில் போட்டுக்கொண்டுதான் கிளம்பினேன். சில சமயம் கடைசி நேரத்தில் யாராவது வேண்டாம் என்பார்கள்.

இனி பயணம். நாடு முழுக்க உள்ளூர் ரயில்களில் போகும் மாதச் சீட்டு என்னிடம் இருந்தது, 58 யூரோ. விரைவு ரயிலில் ஏற முடியாது என்பதால் நேரம் கூடும். டார்ம்ஸ்டாட்டில் காலை 4:50க்கு ஏறினேன். மைன்ஸில் இருபது நிமிடக் காத்திருப்பு. அங்கிருந்து ரைன் நதியை ஒட்டியே கொலோன் வரை போகும் ரயில். வலது பக்க ஜன்னலில் உட்காருங்கள், நதி அந்தப் பக்கம்தான். ஆனால் அக்டோபரில் அந்த நேரத்தில் ஒன்றும் தெரியாது, கோப்ளென்ஸ் தாண்டியும் இருட்டுதான். மலையும் கோட்டையும் பார்க்க வேண்டுமென்றால் இரண்டு மணி நேரம் தள்ளிக் கிளம்புங்கள்.

8:05க்குப் பான். கையில் இரண்டு காபியோடு ரெஜி ஏறினான். கழுத்தில் ஏற்கனவே ஊடக அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. கண்காட்சிக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது, ரயிலில் எதற்கு அது என்று நான் கேட்கவில்லை.

"வழமையா நைட் ஷிஃப்ட் முடிஞ்சு நித்திரை கொள்ளுற நேரம் அக்கா இது. இண்டைக்கு நித்திரையே வரேல்ல" என்றான். "ஏன் எண்டு கேளுங்கோ."

"ஏன்?"

"மாற்றுச் சந்தையில எனக்கு உப்புப் பாதை கிடைச்சிட்டுது! முதல் பதிப்பு! 117 நான்தான்!"

காபி நல்ல சூடு, அதை ஊதி ஊதி ஆற்றினேன். பிறகு, "சூப்பர் ரெஜி, கங்கிராட்ஸ்" என்றேன். எதைக் கொடுத்து வாங்கினாய் என்று கேட்டேன். ஒரு பதிப்பகம் விமர்சனத்துக்காக அனுப்பிய புது கேமாம். இரண்டு பிரதி வந்ததாம், ஒன்றை உறைகூடப் பிரிக்காமல் மாற்றுக்குப் பதிந்தானாம். என் பையில் இருந்த மூன்றும் நான் சம்பளத்தில் வாங்கியவை. எனக்கு எந்தப் பதிப்பகமும் இதுவரை ஒரு பகடைகூட அனுப்பியதில்லை. கொலோனில் ரயில் மாறியபோது அவன் எனக்காக இடம் பிடித்து வைத்திருந்தான். அதுவும் எரிச்சலாக இருந்தது.

9:48க்கு எஸ்ஸன். ரயில் நிலையத்துக்கு அடியிலேயே சுரங்க ரயில், U11, கண்காட்சி வாசலுக்குப் பத்து நிமிடம். மாதச் சீட்டே போதும். எந்தப் பக்கம் என்று தேட வேண்டாம். காலிப் பெட்டியை உருட்டிக்கொண்டு போகிற கூட்டத்தின் பின்னால் போனால் சரி. நுழைவுச் சீட்டை இணையத்தில் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். வாங்கியும் நான் வரிசையில் முப்பத்தைந்து நிமிடம் நின்றேன். ரெஜி ஊடக வாசல் வழியாக ஒரே நிமிடத்தில் போய், கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கையாட்டினான். நானும் ஆட்டினேன்.

உள்ளே போனால் எந்த மனவருத்தமும் ஒரு அரை மணி நேரத்துக்கு மறந்துபோகும், அது உண்மை. அரங்கம் அரங்கமாக மேசைகள். ஒவ்வொரு மேசையிலும் தாத்தா முதல் பள்ளிப்பிள்ளை வரை உட்கார்ந்து புது கேம்களை ஆடிக்கொண்டிருக்கிறார்கள். புது அட்டையின் வாசம். பகடை உருளும் சத்தம் எங்கும். விதி விளக்குவதற்கென்றே நிற்கிறவர்களை ஜெர்மன்காரர்கள் "விளக்கும் கரடி" என்பார்கள், அப்படிப்பட்ட ஒரு கரடி நீலச் சட்டையில் எங்களை அழைத்து உட்காரவைத்தது. அவரும் ரெஜியிடம்தான் பேசினார். "உங்கள் மொழி எனக்குப் புரியாது, ஆனால் உங்கள் வீடியோவைப் பார்ப்பேன்" என்றார். எழுதுகிறவளுக்கு இப்படி ஒரு வாசகர் வரவே முடியாது.

மூன்றாம் அரங்கில் டோர்ட்முண்டிலிருந்து வந்த ஒரு தமிழ்க் குடும்பம் அவனை அடையாளம் கண்டுவிட்டது. அந்த அம்மா தன் போனை என்னிடம் நீட்டினார்.

"தங்கச்சி, ஒருக்கா எங்களைப் படம் எடுத்து விடுவியளோ?"

எடுத்தேன். முதல் படத்தில் ரெஜியின் தலையைப் பாதியில் வெட்டினேன், வேண்டுமென்றேதான். பிறகு மனசு கேட்காமல் ஒழுங்காக இன்னொன்று எடுத்துக் கொடுத்தேன். "இவ ஆர், உங்கட அக்காவோ?" என்று அவர் கேட்டார். "ஓம், எனக்கு கேம் பழக்கினது இவதான்" என்றான் ரெஜி. அவர் தலையாட்டிவிட்டு மறுபடி அவனிடமே திரும்பிக்கொண்டார்.

சாப்பாடு பற்றி ஒரு வார்த்தை. உள்ளே உருளைக்கிழங்கு வறுவல் 6 யூரோ 50, வரிசை இருபது நிமிடம். வீட்டிலிருந்து எடுத்துப்போங்கள். ரெஜி தன் அம்மா செய்த மீன் ரோல்ஸ் ஒரு டப்பா கொண்டுவந்திருந்தான். நான் ஐந்து சாப்பிட்டேன். பொறாமைக்கும் பசிக்கும் சம்பந்தமில்லை.

மாற்றுச் சந்தை மதியம் ஒரு மணிக்கு. ஆறாம் அரங்கின் பின்பக்கம், அவசர வழிக்கு அருகில், முந்நூறு பேராவது எண் எழுதிய தாளைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ரெஜி தன் கேமை ஒரு டச்சுக்காரரிடம் கொடுத்தான். பிறகு அவனுக்குக் கொடுக்க வேண்டியவரைக் கண்டுபிடித்தோம். மூன்ஸ்டரிலிருந்து வந்த பிரிகிட்டே, அறுபது வயதிருக்கும், பின்னல் ஸ்வெட்டர், தள்ளுவண்டியில் கேம்களைத் துண்டு போட்டுச் சுற்றி வைத்திருந்தார். துண்டைப் பிரித்தார். நீலப் பெட்டி. மூலைகூட மழுங்கவில்லை.

இங்கே ஒரு கட்டாய நடைமுறை இருக்கிறது. வாங்குகிறவர் கொடுக்கிறவர் முன்னிலையில், தரையிலேயே உட்கார்ந்து, விதிப்புத்தகத்தில் இருக்கும் பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு காயையும் எண்ண வேண்டும். ஒன்று குறைந்தாலும் வாங்குகிறவர் மறுக்கலாம். மறுத்துவிட்டால் கொடுக்கிறவர் அதை வேறு யாருக்கு வேண்டுமானாலும் தரலாம். இதில் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

மூன்று பேரும் தரையில் உட்கார்ந்தோம். ரெஜி பட்டியலை வாசித்தான், நான் எண்ணினேன். சீட்டுகள் சரி. உப்பு மூட்டைகள் சரி. படகுகள் வந்தன. சிவப்பு ஐந்து, பச்சை ஐந்து, மஞ்சள் ஐந்து, வெள்ளை ஐந்து, கறுப்பு இரண்டு.

"மொத்தம் இருபத்திநாலு எண்டு போட்டிருக்கு" என்றான் ரெஜி. "கறுப்பு ரெண்டு குறையுது."

பிரிகிட்டேயின் முகம் சிவந்துவிட்டது. இருபது வருடத்துக்கு மேல் தன்னிடம் இருக்கிறது, ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். வேண்டாமென்றால் தயங்காமல் சொல்லுங்கள் என்றார்.

இப்போது வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முதல் பதிப்பில் படகுகள் இருபத்திரண்டுதான். நாலு ஆட்டக்காரர்களுக்கு ஐந்து ஐந்தாக இருபது, கள்ளக்கடத்தல் படகு இரண்டு. இருபத்து நாலு என்பது அச்சுப்பிழை. ஹாம்பர்க் போன அந்த நண்பர் காணாமல்போன இரண்டு படகைக் கேட்டுப் பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதி, அவர்களே ஒப்புக்கொண்ட விஷயம். அந்தக் கடிதத்தை நான் கையில் வாங்கிப் படித்திருக்கிறேன். அந்த அரங்கில் அன்று இது தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று நினைத்தேன்.

ரெஜி என்னைப் பார்த்தான். "அக்கா, நீங்கள் என்ன சொல்லுறியள்?"

ஒரு வார்த்தை போதும், பிழையை நான் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது: "நீ வீடியோ போடணும்ல ரெஜி, உனக்கு கம்ப்ளீட்டா இருக்கிறதுதான் நல்லது."

குரல் இயல்பாகத்தான் இருந்தது. என் குரல் அவ்வளவு இயல்பாக வரும் என்று எனக்கே அன்றுதான் தெரியும்.

அவன் போனை எடுத்து எதையோ தேட ஆரம்பித்தான். பிரிகிட்டே என்னைப் பார்த்தார். அவர் கேட்பதற்கு முன்பே, "குறைந்தாலும் பரவாயில்லை, நான் எடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்லி, பையிலிருந்து மூன்று கேம்களையும் வெளியே வைத்தேன். எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். மூன்றையும்கூடக் கொடுத்திருப்பேன். ஒரு கை நீலப் பெட்டியின் மூடிமேல் போய்விட்டது.

"ஆ, இஞ்ச கிடக்கு!" என்றான் ரெஜி. போனைப் பார்த்துச் சத்தமாக வாசிக்கத் தொடங்கினான். "'இரண்டாம் பக்கத்துப் பட்டியலில் இருபத்து நாலு படகுகள் என்று இருக்கும். நம்பி வீடு முழுக்கத் தேடாதீர்கள், நாங்கள் சோபாவைக்கூடப் புரட்டிவிட்டோம். இருபத்திரண்டுதான், அச்சுப்பிழை.'" நிமிர்ந்து சிரித்தான். "அக்கா, நீங்களே எழுதினதுதானே! எங்கேயோ வாசிச்ச மாதிரிக் கிடந்தது. சோபா கதை மறக்குமோ?"

என் வரிகள். நாலு வருடத்துக்கு முன்பு, யாரும் படிக்கமாட்டார்கள் என்று நினைத்து, விமர்சனத்தின் அடியில் சின்ன எழுத்தில் போட்ட குறிப்பு. அந்தப் பதிவுக்கு ஒரு பின்னூட்டம்கூட வந்ததில்லை.

"ஆமா இல்ல" என்றேன். "மறந்தே போச்சு."

ரெஜி பிரிகிட்டேக்கு ஜெர்மனில் விளக்கினான். அந்த அம்மாவுக்கு அவ்வளவு நிம்மதி. எழுந்து நின்று எங்கள் இருவர் கையையும் பிடித்துக் குலுக்கினார். என் கையைத்தான் கூடுதல் நேரம் பிடித்திருந்தார், இவ்வளவு நுணுக்கமாக எழுதுகிறவர்கள் வேண்டும் என்றார். நான் என் மூன்று கேம்களையும் பைக்குள் திரும்ப வைத்தேன். அவற்றை ஏன் வெளியே வைத்தேன் என்று யாரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு மூன்று மணி நேரம் சுற்றினோம். என்ன பார்த்தேன் என்று எழுத என்னிடம் குறிப்பு எதுவும் இல்லை. 17:10க்கு எஸ்ஸனில் ரயில். கொலோனில் மாறி, நாலு பேர் உட்காரும் இடம் கிடைத்தது. ரெஜி பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, தான் எந்த வீடியோ செய்தாலும் முதலில் என் பதிவில் அந்த கேம் இருக்கிறதா என்று பார்ப்பதாகச் சொன்னான். எண்பத்து நாலையும் படித்திருக்கிறானாம், சிலதை இரண்டு தடவை. "ஆனா நீங்கள் எழுதுற மாதிரி எனக்குச் சொல்ல ஏலாது அக்கா. விதி சொல்ல வெளிக்கிட்டால் நாக்கு உளறுது. அதுதான் சிரிச்சுச் சமாளிக்கிறன்" என்றான். இவன் எதற்காவது பொறாமைப்படுவான் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

18:40க்குப் பான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவுப் பக்கம் போனவன் திரும்பி வந்தான்.

"அக்கா, ஒண்டு கேக்கட்டோ? உண்மையாவே மறந்துதான் போனியளோ?"

சிரிக்கவில்லை. அவன் சிரிக்காமல் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மூன்று கேம்களை நான் எடுத்து வைத்ததை அவன் பார்த்திருக்கிறான்.

"ஆமா ரெஜி. நாலு வருஷம் ஆச்சு இல்ல" என்றேன்.

"ஓம் ஓம்" என்றான். இறங்கிப் போய்விட்டான். டார்ம்ஸ்டாட் வந்து சேர 22:15 ஆயிற்று, வழியில் நதியை ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

சரி, போகத் திட்டமிடுகிறவர்களுக்கு. ஒரு நாள் போதாது, இரண்டு நாள் வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமையைத் தவிர்த்தால் கூட்டம் குறையும். எஸ்ஸனில் அறை கிடைக்காது, கிடைத்தாலும் விலை தாங்காது. டியூஸ்பர்கிலோ போஹும் நகரிலோ தேடுங்கள். தண்ணீர் பாட்டிலும் மடிக்கக்கூடிய பெரிய பையும் அவசியம். கால் வலிக்காத செருப்போ ஷூவோ போடுங்கள், நான் அன்று பதினெட்டாயிரம் காலடி நடந்திருக்கிறேன். சாப்பாடு, காபி எல்லாம் சேர்த்து எனக்கு 14 யூரோ 30 ஆயிற்று, மீன் ரோல்ஸ் உபயம் ரெஜியின் அம்மா. மாற்றுச் சந்தையில் பழைய கேம் வாங்குகிறவர்கள் விதிப்புத்தகத்தின் பட்டியலை மட்டும் நம்பாமல், அந்தப் பதிப்பைப் பற்றி யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடிப் படித்துவிட்டுப் போங்கள். காய்களை எண்ணும்போது பக்கத்தில் இருப்பவரிடம் யோசனை கேட்பதாக இருந்தால், அவருக்கும் அதே கேம் வேண்டுமா என்று முதலில் கேளுங்கள்.

போன வாரம் ரெஜியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. வருகிற ஞாயிறு உப்புப் பாதையை வீடியோவுக்காக முதல் முறை ஆடப்போகிறானாம், விதி சொல்ல நான் பானுக்கு வர முடியுமா என்று கேட்டிருந்தான். இன்னும் பதில் போடவில்லை. அந்த ரயிலில் சொன்ன பொய்யோடு அவன் எதிரில் உட்கார்ந்து, அந்த இரண்டு கறுப்புப் படகையும் கையில் எடுத்து விதி சொல்ல என்னால் முடியாது.

இது எண்பத்தைந்தாவது பதிவு. இதையும் படிப்பாய் என்று தெரியும், சின்ன எழுத்தில் போட்டாலும் படிப்பாய். ரெஜி, நான் மறக்கவில்லை. நீ பட்டியலை வாசித்த அந்த நிமிடமே இருபத்திரண்டு என்று எனக்குத் தெரியும். இதைப் படித்த பிறகும் கூப்பிட்டால், ஞாயிற்றுக்கிழமை 4:50 ரயிலில் ஏறுகிறேன்.